வித்தும் வயலும்: ‘மாதொருபாகன்’ நாவலும் விந்தணுக் கொடையாளர் தேர்வில் இனமரபு பற்றிய வினாவும்

முன்னுரை

கணவனிடம் உயிரணுக் குறைபாடு உள்ள இணையரும், தனித்து வாழும் பெண்களும், பெண்ணிணையரும் விந்தணுக் கொடையாளர் ஒருவரின் துணையால் மகப்பேறு எய்துவது இன்று பல நாடுகளில் சட்டத்தின் காப்புடன் நடைபெறும் செயல். தமிழர் குடியேறி வாழும் பிரித்தானியா, கனடா, டென்மார்க், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் அனைத்திலும் இதற்கான மையங்கள் உண்டு. அம்மையங்களின் வாயிலில் நிற்கும் தமிழ்ப் பெண்ணோ இணையரோ எதிர்கொள்ளும் முதல் வினாக்களுள் ஒன்று, கொடையாளர் எந்த இனத்தவராக இருத்தல் வேண்டும் என்பது. மருத்துவர் இதனை உருவ ஒப்புமை பற்றிய வினாவாகக் கேட்கிறார். கேட்கப்படுவோர் பண்பாடு பற்றிய வினாவாகச் செவிமடுக்கின்றனர். இவ்விரு கேள்விகளுக்கும் இடைப்பட்ட வெளியே இக்கட்டுரையின் களம்.

இவ்வினாவைத் தமிழிலக்கியத்துக்குள் வைத்து நோக்க மிகவும் உதவும் படைப்பு, பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட ‘மாதொருபாகன்’. அந்நாவலில் விந்து வங்கி இல்லை, மருத்துவமனையும் இல்லை. ஆயினும் ‘முகமறியா ஒருவனின் வித்து என் குடிக்குள் நுழையலாமா, நுழைந்தால் அவன் யார்?’ என்ற கேள்வியை அதனளவு கூர்மையாகக் கேட்ட புனைவு தமிழில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாவல் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி 2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பையும் கருத்துரிமையையும் பற்றியது. அது தேவையான விவாதமே. ஆனால் அவ்விவாதத்தின் இரைச்சலில் நாவலின் மையக் கேள்வி சற்றே ஒதுங்கிப்போயிற்று.

‘சாமி’ என்னும் பெயர்

காளியும் பொன்னாவும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும் குழந்தையில்லாதவர்கள். ஒருவரையொருவர் ஆழ்ந்து விரும்புபவர்கள். திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் நிறைவில், கீழிறங்கிய தெய்வங்கள் மலையேறும் இரவில், பிள்ளையில்லாத பெண் விரும்பினால் அங்குக் கூடும் ஆடவருள் ஒருவனோடு இணையலாம் என்ற வழக்கத்தை நாவல் புனைகிறது. அவ்வாடவன் அன்றிரவு மனிதனல்லன், சாமி. பிறக்கும் குழந்தை சாமி கொடுத்த பிள்ளை.

இப்பெயரீட்டை நாட்டார் நம்பிக்கை என்று மட்டும் குறித்துவிட்டுக் கடப்பது போதாது. ‘சாமி’ என்ற சொல் அங்கு ஒரு சமூக ஏற்பாட்டின் பெயர். கொடுத்தவனின் பெயர், ஊர், குலம் ஆகியவற்றை அது ஒரே வீச்சில் அழிக்கிறது. அவனுக்குக் குழந்தையின்மீது உரிமையும் இல்லை, கடமையும் இல்லை என்று ஆக்குகிறது. கணவனைத் தந்தையாகவே நிலைநிறுத்துகிறது. இன்றைய சட்டங்கள் நீண்ட பிரிவுகளால் செய்வதை அது ஒற்றைச் சொல்லால் செய்துவிடுகிறது. சிங்கப்பூரில் 2013இல் இயற்றப்பட்ட துணைக்கருத்தரிப்புப் பிள்ளைகள் நிலைச் சட்டமும் சரி, பிரித்தானியாவின் 1990ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, சிகிச்சைக்கு இசைவளித்த கணவனையே தந்தை என்கின்றன. இசைவே தந்தைமையை ஆக்குகிறது. நாவலின் துயரமும் இசைவில்தான் முடிச்சிடப்பட்டுள்ளது. காளி இசையவே இல்லை. இசைந்துவிட்டான் என்று பொன்னாவின் அண்ணன் முத்து அவளை நம்பவைத்து அழைத்துச் செல்கிறான். ஆகவே அன்றிரவு நிகழ்வது பிறழ்ச்சி அன்று. போலி இசைவின் மேல் நிகழும் ஒரு கொடை. இந்நுட்பத்தைக் காணாது நாவலைக் கற்பு பற்றிய கதையாகப் படித்தவர்கள், எதிர்த்தவர்களிலும் உண்டு, ஆதரித்தவர்களிலும் உண்டு.

காளி ஏன் இசையவில்லை? மனைவியின் மீதுள்ள தனியுரிமை உணர்வு ஒரு காரணம். மணத்துக்கு முன் அதே திருவிழாக் கூட்டத்தில் தானும் திரிந்தவன் என்பதால், அங்குச் சாமியாக நிற்பவன் எத்தகையவன் என்பதை அறிந்திருப்பது மற்றொரு காரணம். ஆனால் அவன் மச்சானிடம் மனம்விட்டுப் பேசும்போது வெளிப்படும் அச்சத்தின் உட்கரு வேறு. அக்கூட்டத்தில் எந்தச் சாதிக்காரன் எவன் என்று யாரறிவார்? சமூகம் தீண்டத்தகாதவர் என ஒதுக்கிவைத்தவர்களே அங்குத் திரியும் இளைஞருள் மிகுதி என்று அவன் எண்ணுகிறான். அத்தகையவன் ஒருவனோடு இணைந்தபின் பொன்னாவைத் தன்னால் தொட இயலாது, பிறக்கும் பிள்ளையைக் கையில் ஏந்தவும் இயலாது என்பது அவன் நிலை. நாவலாசிரியர் இவ்விடத்தைக் காளியின் மீது நமக்குள்ள பரிவு உச்சத்திலிருக்கும் வேளையில் வைத்திருக்கிறார். அன்பானவன், ஊராரின் ஏச்சுக்கு ஆளானவன், இரண்டாம் மணத்தை மறுத்தவன். அவனுக்குள்ளும் இது இருக்கிறது. அவன் அஞ்சுவது அயலானை அன்று. கீழானவன் என்று தான் கற்பிக்கப்பட்டவனை.

விந்தணுக் கொடை பற்றிப் பேசும்போது நம்மவர் ‘நம் இனம்’, ‘நம் பண்பாடு’ என்னும் சொற்களைக் கையாள்கின்றனர். அச்சொற்களுக்கு அடியில் காளியின் இந்த அச்சம் எவ்வளவு உறைந்திருக்கிறது என்பதை அவரவர் மனமே அறியும். மேலைநாட்டுக் கொடையாளர் பட்டியல்களில் சாதிக்கு இடமில்லை என்பது உண்மை. ஆனால் சொந்த ஊர், உணவுப்பழக்கம், குடும்பத்தொழில் ஆகியவற்றைக் கொண்டு அதை உய்த்துணரும் ஆற்றல் நமக்கு உண்டு. மணமகன் தேவை விளம்பரங்கள் அக்கலையில் நம்மை நன்றாகவே பயிற்றியிருக்கின்றன.

கூட்டமும் பதிவேடும்

எனினும் காளியின் அச்சத்தை வெறும் சாதிவெறி என்று சுருக்கிவிட்டால் நாவலின் உலகை நாம் பாதிதான் படித்தவர்களாவோம். கொங்கு வேளாளரிடையே ‘கூட்டம்’ என்னும் கால்வழிப் பகுப்பு உண்டு. தந்தையின் கூட்டமே பிள்ளையின் கூட்டம். ஒரே கூட்டத்தாருக்குள் மணம் கூடாது, அவர்கள் பங்காளிகள். அங்குத் தந்தை யாரென அறிவது பெருமைக்காக மட்டும் அன்று. யாரை மணக்கலாகாது என்று அறிவதற்காகவும் ஆகும். சாமி கொடுத்த பிள்ளைக்குக் கணவனின் கூட்டமே கொடுக்கப்படும். அப்போது உண்மையான குருதியுறவு பதிவேட்டிலிருந்து மறைந்துவிடுகிறது.

இதே சிக்கலை நவீனச் சட்டமும் சந்தித்தது. பிரித்தானியாவில் ஒரு கொடையாளரின் வித்திலிருந்து பத்துக் குடும்பங்களுக்கு மேல் பிள்ளை பெறலாகாது என்ற வரம்பு உண்டு. கொடையால் பிறந்தவர் பதினாறு வயது நிறைந்ததும், தாம் நெருங்கிப் பழகும் ஒருவர் அதே கொடையாளரின் வழி வந்தவரா எனப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுமாறு, இருவரும் இசைந்தால், கேட்கலாம். ‘நீ எந்தக் கூட்டம்?’ என்ற கொங்குநாட்டுப் பாட்டியின் கேள்வியும், ‘நாங்கள் ஒரே கொடையாளரின் பிள்ளைகளா?’ என்று இலண்டன் இளைஞர் விடுக்கும் விண்ணப்பமும் ஒரே பணியைச் செய்பவை. கால்வழியை அறியும் விருப்பம் முழுவதையும் பிற்போக்கு என்று ஒதுக்குவோர் இவ்வொப்புமையை எண்ணிப்பார்த்தல் நலம்.

உழவர் உலகத்திலிருந்து மற்றொன்றும் சொல்லலாம். காளி மாடு வளர்ப்பவன். காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போன நிலப்பகுதி அது. பசுவுக்கு எந்தப் பொலிகாளை என்று தேர்ந்து சேர்ப்பது அவ்வுலகில் அன்றாட அறிவு. கால்நடையில் வித்தைத் தேர்வது திறமை. மனிதரில் தேர்வது இழிவு. இவ்விரண்டு நிலைகளையும் ஒருங்கே ஏற்றவர்களாகத்தான் நாவலின் மாந்தர் வாழ்கின்றனர்.

மருத்துவக் காரணம் பற்றி ஒரு சொல். கொடையாளர் தம் இனத்தவராகவே இருப்பது குழந்தையின் நலத்துக்கு நல்லது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தலசீமியா போன்ற ஒடுங்குநிலை மரபுநோய்களைப் பொறுத்தவரை நிலைமை ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. தாயும் கொடையாளரும் ஒரே குறைபாட்டு மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய்வாய்ப்பு உண்டு. நெடுங்காலம் தமக்குள்ளேயே மணந்துவரும் சிறு குழுக்களில் அவ்வாறு ஒத்துச் சுமப்பதற்கான வாய்ப்புக் கூடுதல். காப்பாக அமைவது பரிசோதனைதான். இன ஒப்புமை அப்பணியைச் செய்யாது.

பாரதத்தின் முன்னுதாரணம்

இப்பொருளில் மகாபாரதம் தவறாது எடுத்துக்காட்டப்படுகிறது. சற்று எளிதாகவே எடுத்துக்காட்டப்படுகிறது எனலாம். விசித்திரவீரியன் மகப்பேறின்றி இறந்தபின் சத்தியவதி முதலில் வீடுமனை வேண்டுகிறாள். அவன் தன் சூளுரையைக் காட்டி மறுக்கவே, மணத்துக்கு முன் பராசரருக்குத் தான் பெற்ற வியாசனை அழைக்கிறாள். அம்பிகை கண்களை மூடிக்கொள்கிறாள்; அம்பாலிகை வெளிறிப்போகிறாள். பிள்ளைகள் குருடாகவும் வெளிறியும் பிறக்கின்றனர். அச்சமின்றி ஏற்ற பணிப்பெண்ணுக்கு விதுரன் பிறக்கிறான்.

இங்குக் கவனிக்கத்தக்கது, அரசகுலத்துக்கு வித்தளித்தவன் செம்படவர் தலைவனிடம் வளர்ந்த ஒருத்தியின் மகன் என்பது. குருகுலத்தின் குருதி அவனிடம் ஒரு துளியும் இல்லை. இருந்தும் பிறந்தவர்கள் குருகுலத்தவராகவே ஆயினர். தரும நூல்கள் இதனை வயல், வித்து என்னும் உருவகத்தால் விளக்கின: வயலுக்குரியவனுக்கே விளைச்சல் என்பது ஒரு கட்சி, வித்துக்குரியவனுக்கே என்பது மறுகட்சி. மனுநூலின் ஒன்பதாம் அதிகாரம் இரு கட்சிகளையும் எடுத்துப் பேசுகிறது. தமிழ் வழக்கிலோ பழமொழி வேறு பக்கம் சாய்கிறது. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்கிறோம். வித்தைப் பற்றி அங்குப் பேச்சே இல்லை. ஆனால் அம்பிகை, அம்பாலிகை கதையில் உறுத்துவது வேறொன்று. வித்தைத் தேர்ந்தவள் மாமியார். வயலெனப்பட்ட பெண்களுக்கு வரப்போகிறவன் யாரென்றுகூடச் சரிவரச் சொல்லப்படவில்லை. பொன்னாவோ திருவிழாக் கூட்டத்தில் தானே முகம் பார்த்து விலக்குகிறாள், தானே ஏற்கிறாள். அவளுடைய தேர்வில் குலம் இல்லை; தனக்குள் தான் கொண்டிருந்த சாமியின் சாயல் இருக்கிறது. நாவல் முழுவதிலும் பொன்னா தன் விருப்பப்படி நடக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. அதுவும் ஒரு பொய்யின் மீது நிற்கிறது.

பட்டியல் என்னும் பனுவல்

கொடையாளர் பட்டியலை ஓர் இலக்கிய வகையாகப் படித்துப் பார்ப்பது வீண்வேலை அன்று. உயரம், எடை, கண்ணின் நிறம், தலைமயிர், கல்வி, தொழில், இனமரபு என்று அது செல்கிறது. அமெரிக்க வங்கிகள் சிலவற்றில் மதத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. வித்து மதம் பின்பற்றுமா என்று நகைக்கத் தோன்றலாம். நகைத்துவிட்டு, தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் திறந்தால் தலைவன் தலைவியருக்கு அமைய வேண்டிய பத்துவகை ஒப்புமைகள் அங்கும் வரிசையாக நிற்கின்றன: பிறப்பில் தொடங்கிக் குடிமை, ஆண்டு, உருவு எனச் சென்று திருவில் முடிகிறது. அது காதலுக்கான ஒப்புமை. இது காதல் தேவைப்படாத ஒப்புமை. ஆயினும் இரு பட்டியல்களும் ‘பிறப்பு’ என்பதனை உருவத்தோடும் செல்வத்தோடும் ஒரே வரிசையில் எண்ணத்தக்க ஒரு பண்பாகக் கொள்கின்றன. பண்பாடு பிறப்போடு சேர்ந்து வருவது என்ற எண்ணம் மேலைநாட்டு வணிகத்திலிருந்து நமக்கு வந்ததன்று.

பட்டியலின் இனக்கட்டத்தில் தமிழருக்கு இடமே இல்லை என்பதையும் குறிக்க வேண்டும். இங்கிலாந்தின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆசியர் என்ற தலைப்பின்கீழ் இந்தியர், பாக்கித்தானியர், வங்கதேசத்தவர், சீனர், ஏனைய ஆசியப் பின்னணியினர் என்றே கட்டங்கள் இருந்தன. கருத்தரிப்பு மையப் படிவங்களும் பெரும்பாலும் இத்தகைய பகுப்பையே ஒட்டியவை. மதுரையில் பிறந்த தமிழர் இந்தியர். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் ‘ஏனையோர்’. தமிழ்க் கொடையாளரைத் தேடும் ஈழத்துப் பெண்ணுக்குப் பட்டியல் காட்டுவது, அவள் மொழியை அறியாத ஒரு பஞ்சாபியரையோ குசராத்தியரையோ ஆகலாம். அவ்விடத்தில் ‘இன ஒப்புமை’ என்பது தோல்நிறம் அன்றி வேறென்ன?

டென்மார்க்கின் நிலை இன்னும் விந்தையானது. அந்நாட்டின் ஆர்ஹுஸ் நகரில் உலகின் மிகப்பெரிய விந்து வங்கிகளுள் ஒன்று உள்ளது. பல நாடுகளுக்கு அங்கிருந்து வித்து ஏற்றுமதியாகிறது. அதே யூட்லாந்துப் பகுதியின் சிற்றூர்களில்தான் 1980கள் தொட்டு ஈழத்தமிழர் குடியேறி வாழ்கின்றனர். கனடாவிலோ 2004ஆம் ஆண்டுச் சட்டம் விந்துக்கு விலை கொடுப்பதைக் குற்றமாக்கியது. அதனால் உள்நாட்டுக் கொடையாளர் அருகி, பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகிறது. தமிழர் செறிந்து வாழும் தொரொன்டோவில்கூடத் தமிழ்க் கொடையாளர் கிடைப்பது அரிது என்றால், அதன் காரணங்களுள் ஒன்று சட்டம். மற்றொன்று, கொடுக்க முன்வராத நாம்.

ஒப்புமை என்னும் கொள்கை எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். பிரித்தானியாவின் தொடக்ககால நடைமுறைக் கோவை, கொடையாளரின் உடற்கூறும் இனப்பின்னணியும் மகப்பேறு வாய்க்காத கணவனுடையவற்றோடு இயன்றவரை ஒத்திருக்கச் செய்யுமாறு மையங்களை அறிவுறுத்தியது. அன்று கொடையாளரின் அடையாளம் மறைக்கப்பட்டிருந்தது. பல பெற்றோர் பிள்ளையிடம் உண்மையைச் சொல்வதில்லை. ஒப்புமை அந்த மறைப்புக்குத் திரையாக உதவியது. 2005 ஏப்ரல் 1 முதல் மறைப்பு நீங்கிற்று. அதன்பின் கொடையளித்தவரின் அடையாளத்தை, பிள்ளை பதினெட்டு வயதில் கேட்டறியலாம். மறைக்க ஒன்றுமில்லாதபோது திரைக்கு என்ன வேலை? ஆனால் ஒப்புமை நீங்கவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணம் மட்டும் மாறியது. முன்னர் ‘இரகசியம் காக்க’ என்றது, இப்போது ‘பண்பாடு காக்க’ என்கிறது. பண்பாடு என்ற சொல்லை நான் ஐயத்தோடு நோக்குவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

கல்கரி நகரில் 2014இல் ஒரு கருத்தரிப்பு மையம், வெள்ளையரான ஒரு பெண் வேறு இனக் கொடையாளரை நாடியபோது மறுத்தது செய்தியாயிற்று. பெண்ணின் இனத்தோடு பொருந்தாத கொடையை அளிப்பதில்லை என்பது அம்மையத்தின் கொள்கையாக இருந்தது. கண்டனம் எழுந்தபின், அது கைவிடப்பட்டுவிட்டதாக அம்மையம் கூறியது. தேர்வு உரிமையாக இருப்பது வேறு, ஒப்புமை கட்டளையாக இருப்பது வேறு. நம் சமூகம் எதைக் கேட்கிறது என்பதில் நமக்கே தெளிவு வேண்டும்.

சிங்கப்பூர்த் தீர்ப்பு

இக்கட்டுரையாளர் வாழும் சிங்கப்பூரில், இப்பொருள் நீதிமன்றத்தின் மொழியில் எழுதப்பட்டுவிட்டது. 2010இல் சீனரான ஒரு பெண்ணும் ஐரோப்பியரான அவர் கணவரும் மேற்கொண்ட சிகிச்சையில், கணவரின் உயிரணுவுக்கு மாறாக முகமறியா இந்திய ஆடவர் ஒருவரின் உயிரணு தவறுதலாகப் பயன்படுத்தப்பட்டது. குழந்தையின் நிறமும் தலைமயிரும் தங்களுடையவற்றோடு ஒத்திராததைக் கண்ட பின்னரே பெற்றோருக்கு ஐயம் எழுந்தது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையை வளர்க்கும் செலவை இழப்பீடாகத் தர அது மறுத்தது. ஒரு பிள்ளையின் பிறப்பையே இழப்பென எண்ணுவது பெற்றோர்மையின் இயல்போடு முரண்படும் என்றது. ஆனால் ‘மரபணு உறவு’ இழக்கப்பட்டதைத் தனித்ததொரு தீங்காக ஏற்று, வளர்ப்புச் செலவின் முப்பது விழுக்காட்டை அதற்கு ஈடாக அளித்தது.

இத்தீர்ப்பைச் சட்ட அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். இலக்கிய வாசகருக்கு அதில் வேறொன்று தென்படும். அந்த இந்திய ஆடவர் தீர்ப்பு முழுவதிலும் ஓர் இனப்பெயராக மட்டுமே இருக்கிறார். தமிழரா, மலையாளியா, சிந்தியா என்பது சட்டத்துக்குத் தேவையற்றது. திருச்செங்கோட்டில் குலமும் பெயரும் அழிந்து ‘சாமி’ ஆனவன், இங்குப் பெயர் அழிந்து ‘இந்தியர்’ ஆகிறான். அங்கு அழிப்பு பிள்ளையைக் காத்தது. இங்கு எஞ்சிய ஒற்றைச் சொல்லே தீங்கின் சான்றாகிறது. நீதிமன்றம் இனவெறுப்பை ஆதரித்தது என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் எவ்வினத்தவராயினும் அதே ஈடு கிடைத்திருக்கும். எனினும் சிங்கப்பூர் இந்தியர் ஒருவர் அத்தீர்ப்பைப் படிக்கும்போது, இழப்பு என்று கணக்கிடப்பட்டது தம் முகச்சாயல் என்ற எண்ணத்தைத் தவிர்ப்பது கடினம்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 2014இல் தொடுக்கப்பட்ட வழக்கும் இத்தகையதே. 380ஆம் எண் கொடையாளருக்கு மாறாக 330ஆம் எண்ணுக்குரிய வித்து அனுப்பப்பட்டது. கையால் எழுதிய எண்ணைத் தவறாகப் படித்ததே காரணம் எனப்பட்டது. பெற்றவள் வெள்ளையர், 330 கறுப்பினத்தவர். தவறான பிறப்பு என்ற அடிப்படையில் தொடுத்த அவ்வழக்கு மறு ஆண்டு தள்ளுபடியானது. இவ்வழக்குகளில் அரிதாகவே பேசப்படுவது, வளர்ந்து பெரியவராகி இவ்வாவணங்களைப் படிக்கப்போகும் பிள்ளை.

சிங்கப்பூரில் மற்றொரு முரணும் உண்டு. இங்கு இனம் என்பது பதிவுக்குரியது. பள்ளியில் கற்கும் தாய்மொழி நெடுங்காலம் தந்தையின் இனத்தைப் பின்பற்றியே அமைந்தது. 2011 முதல் கலப்புமணப் பிள்ளைகளுக்கு இரட்டை இனப்பெயர் பதியவும் வழி உண்டு. கொடையால் பிறந்த பிள்ளைக்கு, இசைவளித்த கணவரே சட்டத் தந்தை. ஆகவே தமிழ்த் தந்தையின் வீட்டில், சீனக் கொடையாளரின் வித்தால் பிறந்த பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையாகவே பதிந்து தமிழ் வகுப்பில் வந்து அமரும். தமிழ்க் கொடையாளரின் வித்தால் வேற்றினத்தார் வீட்டில் பிறந்த பிள்ளை மாண்டரினோ மலாயோ படிக்கும். தமிழ் வித்தில் இல்லை என்பதை அரசின் படிவமே ஒப்புக்கொள்கிறது, நாம்தான் தயங்குகிறோம்.

முகம் கேட்கும் கேள்வி

இதுவரை சொன்னவற்றால், தமிழ்க் கொடையாளரைத் தேடும் தாயை இக்கட்டுரை குறைகூறுவதாகக் கொள்ளலாகாது. வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் நகரொன்றில் கருநிறத் தாயும் வெளுத்த பிள்ளையும் பேருந்தில் ஏறினால், பிள்ளை யாருடையது என்று பார்வைகளே கேட்கும். பள்ளிவாயிலில் தாயைத் தாதி என்று எண்ணிப் பேசுவோர் இருப்பர். சிறுபான்மையினருக்கு முகவொற்றுமை ஓர் அலங்காரம் அன்று. விளக்கம் சொல்லாமல் வாழ்வதற்கான சிறு உரிமை. பெரும்பான்மையினர் அதனை ஒருபோதும் கேட்டுப் பெற வேண்டியதில்லை என்பதால் அவர்கள் கண்ணுக்கு அது தெரிவதில்லை. இக்காரணத்துக்காக ஒருவர் தம்மைப் போன்ற தோற்றமுடைய கொடையாளரை விரும்பினால் அது நேர்மையான விருப்பமே. ஆனால் அதை அதன் பெயராலேயே அழைக்கலாம். முகத்துக்காகத் தேடுவதைப் பண்பாட்டுக்காகத் தேடுவதாகச் சொல்லும்போதுதான் காளியின் அச்சம் உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது.

2014–15இல் நாவலை எதிர்த்தோர், தம் ஊரும் குலப்பெண்களும் இழிவுபடுத்தப்பட்டதாகக் கூறினர். 2015 சனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தையில் ஆசிரியர் எழுதித்தந்த உடன்பாட்டுக்குக் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 சூலை 5 அன்று தீர்ப்பளித்தது. எதிர்ப்பின் உள்ளடக்கத்தை நோக்கினால், அது நாவலுக்கு வெளியே எழுந்த குரல் அன்று, காளியின் குரலே. எங்கள் கால்வழியில் வேற்று வித்து இல்லை என்று உலகறியச் சொல்லும் பதற்றம் அது. தமக்கு முன்பே எழுதப்பட்டுவிட்ட பாத்திரத்தை அவர்கள் ஏற்று நடித்தனர்.

திரைப்படம் இதே பதற்றத்தைச் சிரிப்பால் கடந்தது. இந்தியில் 2012இல் வந்த ‘விக்கி டோனர்’ படத்தின் தமிழாக்கமான ‘தாராள பிரபு’ (2020) விந்தணுக் கொடையை நாணமின்றிப் பேசியது பாராட்டுக்குரியது. ஆனால் நாயகன் தத்தெடுத்த பெண்குழந்தை இறுதியில் அவனது கொடையாலேயே பிறந்தவள் என்று தெரிகிறது. குருதி இல்லாமல் தந்தைமை நிறைவுறுவதை அப்படமும் தாங்கிக்கொள்ளவில்லை. நூறு பேருக்குக் கொடுக்கலாம். வளர்ப்பது மட்டும் சொந்த வித்தாகவே இருக்க வேண்டும்.

‘மாதொருபாகன்’ முடிவைத் திறந்தே விட்டது. அதன் தொடர்ச்சியாக 2014இல் ஆசிரியர் இரு நாவல்களை எழுதினார்: ‘ஆலவாயன்’ காளி இறந்த உலகம், ‘அர்த்தநாரி’ காளி உயிரோடிருக்கும் உலகம். இரண்டிலும் பொன்னா கருவுற்றிருக்கிறாள். கணவன் செத்தாலும் பிழைத்தாலும் கரு ஒன்றே. சாமி கொடுத்த அப்பிள்ளை வளர்ந்து என்ன கேட்கும் என்பது இம்மூன்று நாவல்களின் எல்லைக்குள் வரவில்லை. கொடையால் பிறந்தவரின் தன்மைக்கூற்றுக்குத் தமிழ்ப் புனைகதையில் இனித்தான் இடம் உண்டாக வேண்டும் போலும்.

அக்குரலுக்கான முதற்பனுவல்கள் ஒருவேளை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கலாம். பிரித்தானியாவில் கொடையளிப்பவர், பிறக்கப்போகும் பிள்ளைக்கென நல்வாழ்த்து மடல் ஒன்றையும், தம்மைப் பற்றிய சொற்சித்திரம் ஒன்றையும் விரும்பினால் எழுதி வைக்கலாம். படிவத்தில் அதற்கெனச் சிறு இடம் உண்டு. பெயர் சொல்லலாகாது, ஊரை அடையாளம் காட்டலாகாது. ஆனால் பாட்டி சொன்ன கதையை, தாம் விரும்பிய உணவை, தாம் பேசும் மொழியை எழுதலாம். 2005க்குப் பின் அங்குக் கொடையளித்த தமிழர் எவரேனும் இருப்பின், அம்மடலை எந்த மொழியில் எழுதினார், தம்மை எந்தச் சொல்லால் குறித்தார் என்பது ஆய்வுக்குரியது. 2023 இறுதி முதல் அப்பிள்ளைகள் பதினெட்டு வயது நிறைந்தவர்களாய்ப் பதிவேட்டின் முன் வரத் தொடங்கியுள்ளனர்.